குழந்தையின் கண் எங்கே நிற்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிவியையும் கார்ட்டூனையும் பற்றியவை. நான் பத்தொன்பது வருஷம் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்களுக்கு எடிட்டராக இருந்தவள். ஒரு பெண்ணை வளர்த்தவளும்கூட. அந்த இரண்டு இடத்திலிருந்தும்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு நாலு வயது. டிவி பார்க்கும்போது கூப்பிட்டால் அவன் காதில் விழுவதே இல்லை. ரிமோட்டை எடுத்து நிறுத்தினால் தரையில் உருண்டு அழுகிறான். "அடம் பிடிக்கிறான், ரெண்டு வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார் என் கணவர். நிஜமாகவே இது அடம்தானா?
- நாலு வயதுக்காரனின் அம்மா

பதில்: அடிக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பையன் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடக் கூடாது என்பதற்காக என்னைப் போன்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி பகலாக வேலை செய்திருக்கிறோம். நாலு வயதுப் பிள்ளை எங்களை எதிர்த்து ஜெயிக்க முடியாது.

எடிட்டிங் அறையில் நடப்பது இதுதான். பதினோரு நிமிஷக் கதை ஒன்று கைக்கு வரும். அதில் ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதை நாங்கள் ஃப்ரேம் கணக்கில் தீர்மானிப்போம். ஃப்ரேம் என்றால் ஒரு தனிப் படம். வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒரு முயல் யோசிக்கிற ஷாட்டை நான் 80 ஃப்ரேம் விட்டு வைத்திருப்பேன், அதாவது மூன்று வினாடிக்குக் கொஞ்சம் மேலே. "இழுக்குது, பாதியாக்கு" என்பார்கள். பாதியாக்குவேன். அங்கே ஒரு "டொய்ங்" சத்தமும் சேரும். திடீரென்று எதாவது அசைந்தால், சத்தம் கேட்டால், தலை தானாகத் திரும்புவது மனிதனுக்கும் விலங்குக்கும் பிறவிக் குணம். ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் இதை "என்ன அது?" என்கிற அனிச்சைச் செயல் என்றே அழைத்தார். படம் சட்டென்று மாறுகிற ஒவ்வொரு இடமும், ஒவ்வொரு சத்தமும் குழந்தைக்கு ஒரு "என்ன அது?". இருபது நிமிஷத்தில் அது எத்தனை நூறு முறை தூண்டப்படுகிறது என்று பாருங்கள். பெரியவர்களுக்கு உள்ளே ஒரு பிரேக் இருக்கிறது. குழந்தைக்கு அது இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

நல்ல நிகழ்ச்சி எடுத்தவர்களும் குழந்தையின் கண்ணை இப்படித்தான் அளந்தார்கள். 1969ல் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கிய சமயத்தில், டிவிக்குப் பக்கத்தில் வேறொரு திரை வைத்து அதில் சில வினாடிக்கு ஒரு முறை படத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். குழந்தையின் கண் எந்த இடத்தில் நிகழ்ச்சியை விட்டுவிட்டு அந்தப் படத்துக்குப் போகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திருத்தினார்கள். அவர்கள் எழுத்தும் எண்ணும் சொல்லித் தருவதற்காகச் செய்தார்கள். எல்லாரும் அதற்காகவே செய்வதில்லை.

2011ல் ஏஞ்சலின் லில்லார்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் நாலு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு, சராசரியாக 11 வினாடிக்கு ஒரு முறை காட்சி மாறுகிற வேகமான கார்ட்டூனை ஒன்பது நிமிஷம் பார்த்தது. இன்னொன்று, 34 வினாடிக்கு ஒரு முறை மாறுகிற மெதுவான நிகழ்ச்சியைப் பார்த்தது. மூன்றாவது குழு உட்கார்ந்து படம் வரைந்தது. அது முடிந்தவுடனே காத்திருப்பது, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது போன்ற சின்னச் சின்னச் சோதனைகள் வைத்தபோது, வேகமான கார்ட்டூன் பார்த்த குழு மற்ற இரண்டையும் விடப் பின்தங்கியது. இந்த ஆய்வு உடனடி விளைவை மட்டும்தான் அளந்தது. மூளை கெட்டுவிட்டது என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஆனால் அந்த "உடனே" என்பதுதான் உங்கள் வீட்டு ஹாலில் நடக்கிறது. பையன் தன்னை அடக்கிக்கொள்ளும் சக்தி மிகவும் குறைந்திருக்கிற நிமிஷத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டு, "சமர்த்தா எழுந்து வா" என்கிறோம்.

என் மகளுக்கு நாலு வயது இருக்கும். ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நேரம். ஒரு காலில் சாக்ஸ் போட்டிருந்தாள். இன்னொரு சாக்ஸ் கையில். வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படியே நிற்கிறாள். மூன்று முறை கூப்பிட்டேன். பிறகுதான் திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது நான் எடிட் செய்த எபிசோடு. எந்த இடத்தில் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்கு ஃப்ரேம் கணக்கில் தெரியும். நான் குறைத்த அதே 40 ஃப்ரேம். அன்று வேலைக்குப் போனபோது எனக்கு மனசே சரியில்லை.

ஆனால் அந்தக் காலையிலேயே ஒன்று கற்றுக்கொண்டேன். துரத்தல் முடிந்து எல்லாரும் சிரிக்கிற இடத்தில் கதை கொஞ்சம் தளரும் என்பதும் எனக்குத் தெரியும். அது வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அந்தப் பூனை ஏன் இப்படி ஓடுது?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அது பெட்டியை உடைச்சிடுச்சு" என்றாள். அடுத்து, "அம்மா, உனக்குத் தெரியாதா?" என்று என் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான். பேச்சு என்னிடம் வந்துவிட்டது. சாக்ஸையும் போட்டுவிட்டேன்.

நீங்களும் இதையே செய்து பாருங்கள். கதை நடுவில் நிறுத்தாதீர்கள், எபிசோடு முடிவில் நிறுத்துங்கள். அடுத்த எபிசோடு தானாக ஓடுகிற வசதியை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். குழந்தைக்கு 'முடிந்தது' என்று உணர்கிற இடமே இல்லாமல் செய்வது அதுதான். கடைசி இரண்டு நிமிஷம் பக்கத்தில் போய் உட்காருங்கள். அணைத்த கையோடு, கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: தண்ணீர் எடுத்து வரட்டும், செருப்பை அடுக்கட்டும். முதல் வாரம் அழுவான். அப்புறம் குறையும். எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன அளவு: இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு அடிதடி கார்ட்டூன் எதுவும் காட்டுவதில்லை. நட்பு, நேர்மை என்று நல்ல கருத்து சொல்கிற கதைகள்தான் பார்க்கிறாள். ஆனால் விளையாட வருகிற பிள்ளையை "நீ எங்க குரூப்ல கிடையாது, போ" என்று விரட்டுகிறாள். இதை எங்கே கற்றுக்கொண்டாள்?
- ஒரு அப்பா

பதில்: அந்த நல்ல கதைகளிலேயே கற்றுக்கொண்டிருக்கலாம்.

எங்கள் தொடர் ஒன்றில் ஒரு கதை. மூன்று நண்பர்கள். புதிதாக ஒரு முள்ளம்பன்றி வருகிறது. மூவரும் அதைக் கேலி செய்கிறார்கள், ஒளிந்துகொள்கிறார்கள், பாட்டுப் பாடி விரட்டுகிறார்கள். கடைசியில் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். ஒளிபரப்புவதற்கு முன் ஏழெட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும், "இப்ப நீங்களே அந்தக் கதையை விளையாடிக் காட்டுங்க" என்றோம். ஒரு பையனை முள்ளம்பன்றி ஆக்கினார்கள். அந்த விரட்டுகிற பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். ஒருமுறைதான் கேட்டிருந்தார்கள்! மன்னிப்புக் கேட்கிற இடம் வரவே இல்லை. அந்தப் பையன் சுவரோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். நான்தான் எழுந்து போய் அவனைத் தூக்கிக்கொண்டேன்.

எந்த ஷாட் எவ்வளவு நேரம் என்று வரிசையாகக் காட்டுகிற எடிட்டிங் டைம்லைனைத் திறந்து கணக்குப் பார்த்தேன். கேலிக்கு ஆறு நிமிஷம், பாட்டோடு. மன்னிப்புக்கு நாற்பது வினாடி, மெல்லிய இசை. எது பதியும்? நாற்பது வினாடி எதற்கு விடை என்று புரிய, அந்த ஆறு நிமிஷத்தையும் மனதில் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். ஆறு வயதுக்கு அது கஷ்டம். ஒரு கார்ட்டூனில் மூன்று கால் நாய் ஒன்றைப் பார்த்து மற்ற நாய்கள் பயப்படும், பிறகு அந்தப் பயம் தவறு என்று உணரும். பாலர் வகுப்புக் குழந்தைகளிடம் இதைக் காட்டி என்ன புரிந்தது என்று கேட்ட ஆய்வு ஒன்று 2008ல் வெளிவந்தது. வித்தியாசமாக இருப்பவர்களை ஒதுக்கக் கூடாது என்று பொதுவாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 'மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்கணும்' என்கிற அளவில் பலர் நின்றுவிட்டார்கள்.

முடிவில் தண்டனை கொடுத்தாலும் இதே கதைதான். ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டி 1961ல் ஆய்வு செய்தவர். 1963ல் அதையே பூனை வேஷம் போட்ட கார்ட்டூன் பாணியில் திரையில் காட்டினார். குழந்தைகள் அதையும் பார்த்து அடித்தார்கள். 1965ல் அவர் செய்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சில குழந்தைகளுக்கு, அடித்தவர் தண்டனை வாங்குவது போல முடிவை மாற்றிக் காட்டினார். அவர்கள் குறைவாகவே அடித்தார்கள். "சரி, அவர் என்னென்ன செய்தார் என்று செய்து காட்டினால் பரிசு" என்று சொன்னதும், அவர்களும் மற்றவர்களைப் போலவே அத்தனையையும் செய்து காட்டினார்கள். தண்டனையைப் பார்த்து அடக்கிக்கொண்டார்களே தவிர, கற்றுக்கொள்ளாமல் இல்லை.

அதனால் நடுவில் பேசுங்கள். முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். கேலி நடக்கிற இடத்தில் படத்தை நிறுத்தி, "அந்தக் குட்டி முகத்தைப் பார், இப்ப அதுக்கு எப்படி இருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி. பிரசங்கம் வேண்டாம். அவள் பதில் சொன்னதும் ஓட விடுங்கள். நாங்கள் நாற்பது வினாடியில் திணித்ததை, உரிய இடத்தில் ஒரு அப்பாவால் வைக்க முடியும்.

விரட்டப்பட்ட அந்தப் பிள்ளையையும் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வேலை கொடுங்கள்.

கேள்வி: அம்மா, வணக்கம். எங்கள் ஹாலில் காலை முதல் இரவு வரை டிவி ஓடும். நான் செய்தி பார்ப்பவன். ஒன்றரை வயதுப் பேரன் கீழே விளையாடிக்கொண்டிருப்பான், திரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் அணைக்கச் சொல்லி மருமகள் வருத்தப்படுகிறாள். பார்க்காத டிவி குழந்தையை என்ன செய்யும்?
- ஒரு தாத்தா

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் மருமகள் சொல்வது சரி.

உங்கள் கேள்வியையே ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2008ல் வந்த ஆய்வு அது. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள 50 குழந்தைகளை ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விளையாட விட்டார்கள். அதில் அரை மணி நேரம் மட்டும் ஓரமாக ஒரு டிவி. குழந்தைகளுக்குத் துளியும் புரியாத, பெரியவர்களின் வினாடி வினா நிகழ்ச்சி. குழந்தைகள் எப்போதாவது நிமிர்ந்து ஓரிரு வினாடி பார்த்ததோடு சரி. ஆனால் டிவி ஓடிய அரை மணியில், ஒரு பொம்மையோடு அவர்கள் தங்குகிற நேரம் குறைந்தது. ஆழ்ந்து கவனிக்கிற நேரமும் குறைந்தது.

நாளைக்கு நீங்களே கவனித்துப் பாருங்கள். பேரன் ஒரு மூடியை டப்பாவில் பொருத்தப் பார்ப்பான். திருப்புவான், தவறும், மறுபடி திருப்புவான். மூன்றாவது முறைக்குப் போகும்போது செய்தியில் "டங்" என்று ஒரு சத்தம். நிமிர்வான். குனியும்போது கை வேறொரு பொம்மைக்குப் போயிருக்கும். மூடி அப்படியே கிடக்கும். அந்த மூன்றாவது முறையில் பொருந்தியிருக்கும் ஐயா.

இன்னொன்றும் உண்டு. பின்னணியில் டிவி ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைகிறது என்றும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை வயது என்பது சொற்களை அள்ளிக்கொள்கிற வயது. உங்கள் குரலில் விழ வேண்டிய சொற்கள் அவை.

செய்தியை விட்டுவிடச் சொல்லவில்லை. பேரன் தூங்கும்போது பாருங்கள். அவன் விழித்திருக்கும்போது, செய்தியில் பார்த்ததையே அவனிடம் சொல்லுங்கள். மழை பற்றிச் சொன்னால் மழை என்பான்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்கு, வேற்று மொழி கற்றுத் தருகிற வீடியோக்களைத் தினமும் போடுகிறோம். பயன் உண்டா?
- புதிய பெற்றோர்

பதில்: இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

2003ல் பாட்ரிசியா குல் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். 12 தடவை, தடவைக்கு 25 நிமிஷம். சில குழந்தைகளோடு அந்த மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டிப் பேசி விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே மனிதர்கள், அதே பேச்சு, திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். திரையில் கேட்ட குழந்தைகள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

திரையில் இருக்கிற முகம், உங்கள் பிள்ளை "ஆ" என்றால் திரும்ப "ஆ" என்னாது. குழந்தை பார்க்கிற பொருளைத் தானும் பார்க்காது. வெளியூரில் இருக்கிற பாட்டியோடு வீடியோ அழைப்பில் பேசுவது வேறு, அதில் எதிர்ப்பக்கம் பதில் வருகிறது. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். வீடியோவை நிறுத்திவிட்டு, உங்களுக்குத் தெரிந்த மொழியில், துணி மடித்துக்கொண்டே பேசுங்கள்.

கேள்வி: டிவிக்கு மிக அருகில் உட்கார்ந்தால் கண் கெடுமா?
- ஒரு வாசகி

பதில்: அருகில் உட்காருவதால் கண் கெடாது. 1967ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் கலர் டிவிகளில் அளவுக்கு மீறி எக்ஸ் கதிர் கசிந்து, அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். தள்ளி உட்காரச் சொல்கிற எச்சரிக்கை அப்போதுதான் பலமாகப் பரவியது. இன்றைய டிவிகளில் அந்தப் பிரச்சினை கிடையாது. ஆனால் பிள்ளை எப்போதும் கிட்டப் போய் உட்கார்ந்தால், தூரத்தில் தெரியவில்லையோ என்று கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எச்சரிக்கை வேண்டியது பளிச் பளிச் என்று மின்னுகிற காட்சிக்கு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னின. வலிப்பு, வாந்தி, தலைசுற்றல் என்று 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எங்கள் எடிட்டிங் அறைச் சுவரிலும் "வினாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது" என்று எழுதி ஒட்டியிருந்தது. வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டு என்றால், இருட்டறையில் பார்க்க விடாதீர்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பெண் ஒரே எபிசோடைத் தினமும் பார்க்கக் கேட்கிறாள். புத்தி மந்தமோ என்று பயமாக இருக்கிறது.
- கவலையில் ஒரு அம்மா

பதில்: சந்தோஷப்படுங்கள்! முதல் தடவை அவள் நிறத்தையும் சத்தத்தையும் பார்த்தாள். ஐந்தாவது தடவையில்தான் கதைக்குள் போகிறாள். 1996ல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சியை எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஒரே எபிசோடைத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினார்கள். கேள்வி கேட்டுவிட்டு, குழந்தை பதில் சொல்வதற்காகச் சும்மா நிற்பார்கள். எங்கள் தொழிலில் அப்படி ஒரு இடைவெளியை விட்டு வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாள் ஆக ஆகக் குழந்தைகள் அதிகமாகப் பதில் சொன்னார்கள், அதிகமாகப் புரிந்துகொண்டார்கள் என்று பிறகு ஆய்விலும் தெரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நாள் டிவியை அணைத்துவிட்டு, "அந்தக் கதையை எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள், நீளமாகப் போகும்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்குப் பத்து வயது. கார்ட்டூன் பார்த்தால் கெட்டுப் போவேன் என்று அம்மா சொல்கிறார். எனக்குக் கார்ட்டூன் ரொம்பப் பிடிக்கும். நான் கெட்டுப் போவேனா?
- ஐந்தாம் வகுப்பு மாணவி

பதில்: கண்ணு, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ கெட்டுப் போக மாட்டாய். எனக்கும் கார்ட்டூன் ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் அந்த வேலைக்கே போனேன்.

உன் அம்மா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. கார்ட்டூன் உன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நீ பிடிபட்டது உனக்கே தெரியாது. அது எப்படி என்று உனக்கு ஒரு ரகசியம் சொல்லித் தருகிறேன்.

அடுத்த தடவை பார்க்கும்போது ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வை. படம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சட்டென்று மாறும் பார், ஒரு முகம் போய் இன்னொரு முகம் வரும், அதற்குப் பெயர் 'கட்'. ஒவ்வொரு கட்டுக்கும் தாளில் ஒரு கோடு போடு. அம்மா கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் ஆனதும் சொல்லட்டும். முதல் தடவை நீ பாதியைத் தவற விடுவாய், கதை உன்னை இழுத்துக்கொண்டு போய்விடும். பரவாயில்லை, மறுபடி போட்டு எண்ணு. இரண்டாவது நிமிஷத்துக்குச் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு எண்ணு. அதே கார்ட்டூன் இப்போது எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். பிறகு நீ எண்ண வேண்டாம், அம்மா எண்ணட்டும். நீ கடிகாரத்தைப் பிடி.

இரண்டு பேருக்கும் எத்தனை கோடு வந்தது என்று எனக்கு எழுதுகிறாயா?